தயிர்சாதத்தில் கலந்தது

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ., மனிதர்களின் மனதைக் கட்டுப்படுத்தப் பார்த்து ரகசியமாக நடத்திய எம்.கே.அல்ட்ரா என்ற சோதனைத் திட்டம் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். எல்.எஸ்.டி. என்ற, பிரமையை உண்டாக்கும் போதைமருந்தைக் கொடுத்து மனித மனதை உண்மையிலேயே கட்டுப்படுத்த முடிந்ததா? இப்போதும் அது நடக்கிறதா? பனிப்போர்க் காலத்தில் ரஷ்யாவுக்குப் பயந்து செய்தார்கள், சிக்கியவர்களும் பெரும்பாலும் கைதிகள், போதை அடிமைகள்தானே என்கிறான் நண்பன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள தம்பி,

முடியவில்லை. திட்டத்தை நடத்திய சிட்னி காட்லீப்பே கடைசியில் அதனால் பயனில்லை என்ற முடிவுக்குத்தான் வந்தார். இப்போது நடக்கிறதா என்று ஊகிப்பதில் எனக்கு ஆர்வமில்லை.

ஆனால் அந்தத் ‘தானே’ என்னைத் தூங்கவிடவில்லை. நண்பன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதை மறுக்கவும் இல்லை. அமெரிக்காவின் கெண்டக்கியில் லெக்சிங்டன் என்ற ஊரில், போதையிலிருந்து மீட்பதற்கென்றே அரசு நடத்திய மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கிருந்த கைதிகளில் சிலருக்குத் தொடர்ந்து 77 நாட்கள் எல்.எஸ்.டி. கொடுத்தார்கள். சோதனைக்கு ஒத்துக்கொண்டால் கூலி என்ன தெரியுமா? எதை விடுவதற்காக வந்தார்களோ அதே போதைமருந்து. இதைக் கேட்டபிறகும் ‘தானே’ போட வாய் வருமா? கனடாவின் மான்ட்ரியலில் ஆலன் மெமோரியல் என்ற மனநல மருத்துவமனைக்கு மனச்சோர்வு, பதற்றம் என்று நடந்துவந்த சாதாரணப் பெண்களை யுவன் கேமரன் என்ற மருத்துவர் வாரக்கணக்கில் மருந்தால் தூங்கவைத்தார். ஒரே வாக்கியத்தை ஒலிநாடாவில் ஆயிரக்கணக்கான தடவை ஓடவிட்டார். அவர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் தலைவராக இருந்தவர்.

எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். மருந்தைவிடக் கொடியது, கொடுத்ததைச் சொல்லாமல் விட்டது.

ஃபிராங்க் ஓல்சன் ராணுவ விஞ்ஞானி. 1953 நவம்பர் 19 அன்று மேரிலாந்தில் ஒரு ஏரிக்கரை வீட்டில், உடன் வேலை செய்த சி.ஐ.ஏ.காரர்களே அவர் குடித்த மதுவில் எல்.எஸ்.டி. கலந்தார்கள். குடித்தபிறகுதான் சொன்னார்கள். வீடு திரும்பியவர் மனைவியிடம், பயங்கரமான தப்பு செய்துவிட்டேன் என்றார். பாருங்கள், தப்பு தன்னுடையது என்று நினைக்கிறார்! ஒன்பதாம் நாள் நியூயார்க்கில் ஓட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். குதித்தாரா, தள்ளினார்களா என்பது இன்றுவரை தீரவில்லை, அதற்குள் நான் போகவில்லை. மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் மருந்து விஷயம் தெரிந்தது 1975இல். 22 வருஷம் அந்த வீடு, அப்பாவின் மனம்தான் உடைந்தது என்று நம்பி வாழ்ந்தது.

அவர்களுக்காவது தெரிந்தது. 1973இல் சி.ஐ.ஏ. தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் கோப்புகளை அழிக்கச் சொல்லிவிட்டார். கணக்குவழக்குப் பிரிவில் தப்பிய ஆயிரக்கணக்கான பக்கங்களை வைத்துத்தான் 1977இல் செனட் விசாரித்தது. எவ்வளவு பணம் எங்கே போனது என்பது அதில் இருக்கிறது. யார் உடம்பில் போனது என்பது பெரும்பாலும் இல்லை.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு அப்போது பதினொரு வயது. சித்தப்பாவுக்கு மனநிலை சரியில்லை, மாத்திரை என்றாலே தட்டிவிடுவார். பாட்டி அதைத் தயிர்சாதத்தில் கலந்து கொடுப்பாள். பொடிப்பது என் வேலை. காகிதத்தில் மடித்து, சில்வர் டம்ளரின் அடியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கசப்பு தெரியாமலிருக்க நார்த்தங்காய் ஊறுகாய் கூடுதலாக வைப்போம். சித்தப்பா சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, விரித்த கையையே பார்த்துக்கொண்டிருப்பார். “நடுங்குதுடா தம்பி. என்னமோ ஆயிடுச்சு எனக்கு” என்பார். நான் தெருவைப் பார்ப்பேன்.

பாட்டியையும் சி.ஐ.ஏ.வையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. அவள் மகன் பிழைக்க வேண்டும் என்று அழுதுகொண்டே கலந்தவள். ஆனால் சாப்பிட்டவருக்கு நடந்தது என்ன என்பதை நான் கிட்டத்தில் பார்த்தேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து, புதிதாக வந்த மருத்துவர் ஒருவர் சித்தப்பாவை எதிரே உட்காரவைத்து எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். சித்தப்பா மாத்திரை அட்டையைக் கையில் வாங்கி, பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். இதற்கு முன்னால் சாப்பிட்ட மாத்திரையில் கை நடுங்கியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதும் என் பக்கம் திரும்பினார்.

“அப்ப அந்த நடுக்கம் என்னோடது இல்லையாடா?”

இல்லை சித்தப்பா என்றேன். பொடித்தது நான்தான் என்று அன்றைக்கும் சொல்லவில்லை.