ரொட்டி மாவில் சுண்ணாம்பு ஏன்?

கேள்வி: பழங்களின் சர்க்கரைக் கணக்கைத் திருத்திய பெண் வேதியியலாளர் யார்? என்ன பிழை அது?

பதில்: எல்சி விடோசன் (1906–2000). லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வேதியியல் படித்து, ஆப்பிளை ஆராய்ந்து முனைவரானவர். 1933-ல் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் உணவுச் சத்துகளை ஆராய்ந்துவந்த டாக்டர் மெக்கான்ஸைச் சந்தித்தார். மெக்கான்ஸின் ஆய்வில் பழங்களின் சர்க்கரை அளவு உண்மையைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டுபிடித்து நேரிலேயே சொன்னார். சர்க்கரையை அளக்க அமிலத்தில் கொதிக்க வைக்கும்போது குளுக்கோஸ் ஓரளவு தாங்கும், பழத்திலுள்ள இன்னொரு சர்க்கரையான ஃப்ரக்டோஸ் சிதைந்துவிடும். எனவே, எஞ்சியதைத்தான் மெக்கான்ஸ் அளந்திருந்தார். அவர் கோபிக்காமல் விடோசனையே கூட்டாளியாக்கிக்கொண்டார் (பெருந்தன்மைதான்!). அந்தக் கூட்டு சுமார் 60 ஆண்டுகள் நீடித்தது. இருவரும் தொகுத்த உணவுச் சத்து அட்டவணை 1940-ல் வெளியானது. திருத்திய பதிப்புகள் இன்றும் பயன்படுகின்றன.

கேள்வி: பிரிட்டனில் மாவில் சுண்ணாம்பு சேர்ப்பதற்கும் அவருக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தவிட்டை முழுமையாக நீக்காத மாவே மிகுதியாகக் கிடைத்தது. விடோசன் குழுவினர் தங்களையே சோதனைக்கு உட்படுத்தி, உண்ட கால்சியத்தையும் சிறுநீர், மலம் வழியே வெளியேறியதையும் எடைபோட்டார்கள். பழுப்பு ரொட்டி உண்டபோது உடல் கால்சியத்தை உட்கிரகிப்பது குறைந்தது. தவிட்டிலுள்ள ஃபைட்டேட் என்ற பாஸ்பரஸ் சேர்மம் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு குடலில் கரையவிடுவதில்லை. அதை ஈடுகட்டத்தான் மாவில் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட், சேர்க்கப்பட்டது. அதற்காகத் தவிட்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஈஸ்ட் சேர்த்து மாவை நன்றாகப் புளிக்கவிட்டால் ஃபைட்டேட்டில் கணிசமான பகுதி சிதைந்துவிடும். சோடா மாவு போட்டு உடனே சுடும் ரொட்டியில் அது நடக்காது.