வெறும் ரசமா?

கேள்வி: எங்க சபையில சாட்சி நேரம் வந்தா கார் வாங்கினவங்க, வீடு கட்டினவங்க, பிள்ளைக்கு கனடா விசா கிடைச்சவங்க தான் எழும்புறாங்க. எங்க வீட்டுல தினமும் ரேஷன் அரிசிச் சோறும் வெறும் ரசமும் தான். அதுவும் வீட்டுக்காரர் பாடுபட்டு சம்பாதிச்சு, நான் அடுப்புல நின்னு ஆக்குறது. இதுக்குப் போய் கர்த்தர் போஷிச்சாருன்னு என்னத்த சாட்சி சொல்ல?
- ஒரு சகோதரி, தூத்துக்குடி

பதில்: 'வெறும் ரசம்'னு எழுதிட்டீங்களேம்மா, அதைத் தாண்டி என்னால போக முடியல. புளிய ஊறப்போட்டு கரைச்சு, மிளகு சீரகம் மல்லி எல்லாம் தட்டி, பூண்டு நாலு பல்லு தோலோட நசுக்கிப் போட்டு, நுரை கட்டி வரும்போது சட்டுன்னு இறக்கணும், தளதளன்னு கொதிக்க விட்டா ருசி போயிரும். அந்தப் பூண்டு இல்லையேன்னு, எகிப்துல இருந்து வெளிய வந்த இஸ்ரவேல் ஜனமே கூடாரவாசல்ல நின்னு அழுதிருக்கு. எண்ணாகமம் 11ஆம் அதிகாரம் எடுத்துப் பாருங்க. எகிப்துல சாப்பிட்ட மீன், வெள்ளரிக்கா, கொம்மட்டிக்கா, கீரை, வெங்காயம், வெள்ளைப்பூண்டுன்னு வரிசையா சொல்லிச் சொல்லி அழுறாங்க. அவங்க அழுத பூண்டு உங்க அடுப்பாங்கரையில கூடையில கிடக்கு. மல்லியும் அப்படித்தான், வனாந்தரத்துல அந்த ஜனத்துக்கு கர்த்தர் வானத்துல இருந்து குடுத்த சாப்பாடு மன்னா, அது பார்க்க எப்படி இருந்துச்சுன்னு சொல்ல வந்த இடத்துல வேதம் கொத்துமல்லி விதையத் தான் காட்டுது.

ரேஷன்னு குறைச்சுப் பேசாதீங்க, மன்னாவே ரேஷன் தான். யாத்திராகமம் 16ல கணக்கு தெளிவா இருக்கு, ஆளுக்கு ஒரு ஓமர், நம்ம அளவுல சுமாரா 2 லிட்டர், கூடாரத்துல எத்தனை தலையோ அத்தனை ஓமர். வெயில் ஏறினா உருகிரும், அதனால காலையிலேயே போய் பொறுக்கணும். நாளைக்கு இருக்கட்டும்னு எடுத்து வச்சவன் வீட்டுல புழு புழுத்து நாறிப்போச்சு. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் டபுள். இப்படி 40 வருஷம். அந்த 40 வருஷத்துல, இடையில காடை வந்து விழுந்ததைத் தவிர, எந்தக் கூடாரத்துக்கும் புதுசா ஒண்ணும் வந்து இறங்கல, அதே மன்னா தான், ஆனா வேதம் அதைத் தான் கர்த்தர் நடத்தின நடத்துதல்னு திரும்பத் திரும்ப சொல்லுது.

அடுத்தது, நாங்க உழைக்கிறோம் நான் ஆக்குறேன்னு சொல்றீங்க. மன்னா என்ன இலையில வந்தா விழுந்துச்சு? அதே எண்ணாகமம் 11ல இருக்கு, திரிகையில அரைச்சாங்க, உரல்ல இடிச்சாங்க, சட்டியில வேகவச்சு அப்பம் சுட்டாங்க. வானத்துல இருந்து வந்த சாப்பாட்டுக்கே அடுப்படி வேலை இருந்திருக்கும்மா. இன்னொண்ணு பாருங்க, யோசுவா 5ல கானான் தேசத்து தானியத்தை சாப்பிட்ட மறுநாளே மன்னா நின்னுபோச்சு. அதுக்கப்புறம் உழுது விதைச்சு அறுத்துத் தான் சாப்பாடு. போஷிக்கிறதை கர்த்தர் அன்னைக்கு நிறுத்திட்டாரா? இல்லையே, மழையில குடுத்தாரு, மண்ணுல குடுத்தாரு, உழுதவன் கையில பெலன் குடுத்தாரு. நீங்களும் நானும் வாழ்றது மன்னா நின்னதுக்கு அப்புறம் உள்ள காலத்துல. என் கைப்பலத்துல தான் வந்துச்சுன்னு நினைச்சிராதேன்னு மோசே உபாகமம் 8ல முன்கூட்டியே எச்சரிச்சது இந்த மறுநாளை மனசுல வச்சுத் தான்னு நான் நம்புறேன்.

இந்த சாட்சி நேரத்தைப் பத்தி இதே பக்கத்துல முன்னாடியும் எழுதியிருக்கேன், ஒரு பாஸ்டர் "ஜனங்களோட விசுவாசத்தைக் கெடுக்குறீங்க"ன்னு கோபமா லெட்டர் போட்டாரு. அவருக்கும் சேர்த்தே சொல்றேன். காருக்கும் விசாவுக்கும் நன்றி சொல்லட்டும், வேண்டாம்னு யாரும் சொல்லல. ஆனா வாரா வாரம் அது மட்டுமே கேட்டா, கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கிற, இந்த மாசம் வேலை போன அண்ணாச்சி, கர்த்தர் நம்மள விட்டுட்டு போயிட்டாருன்னு தானே வீட்டுக்குப் போவாரு? "இந்த வாரம் ஏழு நாளும் என் பிள்ளைங்க பசியோட படுக்கல, ஸ்தோத்திரம்"னு நீங்க எழும்பிச் சொன்னா அது அவருக்குப் புரியும். அதை முதல்ல சொல்ல ஆள் வேணும், நீங்க சொல்லுங்கம்மா.

பவுல் இந்த மன்னா விஷயத்தை எங்க எடுத்துப் பேசுறாருன்னு பாருங்க, கொரிந்து சபைகிட்ட எருசலேம் ஏழைகளுக்கு காணிக்கை சேர்க்கச் சொல்ற இடத்துல. மிகுதியா சேர்த்தவனுக்கு மீதியானதுமில்ல, கொஞ்சமா சேர்த்தவனுக்கு குறைவானதுமில்ல, 2 கொரிந்தியர் 8. அதாவது நன்றின்னா அடுத்தவன் தட்டையும் பார்க்கிறது. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபை பெண்கள் இதை 1910ல ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் செய்றாங்க. சோறு ஆக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி தனியா எடுத்து வச்சிருவாங்க, அது சேர்ந்து சபைக்குப் போகும், ஊழியத்துக்குப் போகும். சம்பளம் வந்தா தர்றேன்கிற கதையே இல்ல, உலை வைக்கிற வீட்டுல எல்லாம் ஒரு பிடி இருக்கும்ல. நம்ம பக்கத்துலயும் பிடியரிசி உண்டு, பாட்டிமார்கிட்ட கேட்டா சொல்வாங்க. எத்தனை சபையில அந்தப் பானை இன்னும் இருக்கு?

பானை போச்சு, ஆனா சபையில எல்லாருக்கும் போடுற அசன விருந்து மட்டும் வருஷா வருஷம் பெருசாகிட்டே வருது. அசனம் எனக்கு உசிரு, ராத்திரி முழுக்க ஊரே உக்காந்து காய் நறுக்கி, பெரிய அண்டாவுல குழம்பு கொதிக்கிற வாசனை கோயில் வளாகம் தாண்டி தெருவுக்கு வரும், பணக்காரன் ஏழைன்னு இல்லாம ஒரே பந்தி. வயித்தெரிச்சல் எல்லாம் பந்தி எந்திரிச்சதுக்கு அப்புறம் இலையப் பார்க்கும்போது தான். பாதிச் சோறு, கடிக்காத கறித்துண்டு, அப்படியே சுருட்டி குப்பையில போடுறாங்க. 5 அப்பத்தை ஐயாயிரம் பேருக்கு பெருக்கினவரு, நினைச்சா இன்னும் எவ்வளவோ பெருக்கலாம், அவரே துணிக்கைய வீணாக்காம பொறுக்குங்கன்னு சொல்லி 12 கூடை எடுக்க வச்சாரே. அசன கமிட்டி பிரதர்ஸ் இதை வாசிச்சா ஒண்ணே ஒண்ணு செய்ங்க, முதல்ல ஒரு கரண்டி வைங்க, கேட்டா இன்னும் ரெண்டு வைங்க. மிஞ்சுறதை அண்டாவோட அன்னைக்கே ராத்திரி பஸ் ஸ்டாண்டு பக்கம் கொண்டு போங்க, சூடு ஆறுறதுக்குள்ள.