ஈஸ்ட்டுக்குள் பூஞ்சை நொதி: வந்த கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி (சோழவந்தான் விவசாயி): வைக்கோலை மக்க வைக்கப் பூஞ்சையே போதுமே அம்மா, ஈஸ்ட் எதற்கு?

மக்க வைப்பதற்குப் பூஞ்சையே போதும் ஐயா, மாற்றவே வேண்டாம். வைக்கோலில் உள்ள செல்லுலோஸை உடைக்கும் நொதிக்காக நாங்கள் எடுத்து ஈஸ்ட்டுக்குள் வைக்கும் மரபணு, டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையுடையது. இரண்டாம் உலகப்போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை அரித்த பூஞ்சை அது. நீங்கள் வயலில் போடும் டிரைக்கோடெர்மா விரிடிக்கு ஒன்றுவிட்ட தம்பி. ரீசி பல நொதிகளைக் கலந்து கக்கும். ஒன்றை மட்டும் தனியாகப் பார்க்கத்தான் ஈஸ்ட்.

கேள்வி (எம்.எஸ்சி. மாணவர், நாகமலை): அக்கா, பூஞ்சை டி.என்.ஏ.வை அப்படியே வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. நடுவில் இன்ட்ரான்கள், அதாவது புரதத்துக்குக் குறிப்பு இல்லாத துண்டுகள் இருக்கும், ஈஸ்ட் அவற்றைச் சரியாக வெட்டும் என்று நம்ப முடியாது. அந்தத் துண்டுகள் ஏற்கெனவே நீங்கிய ஆர்.என்.ஏ.விலிருந்து சி.டி.என்.ஏ. (அதன் டி.என்.ஏ. நகல்) எடுங்கள். நொதி வெளியே வர, முன்னால் ஆல்ஃபா ஃபேக்டர் சிக்னலை, அதாவது புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் ஈஸ்ட்டின் முகவரிச் சீட்டைச் சேருங்கள்.

அவரே மறுபடி: பிச்சியா என்ற ஈஸ்ட்டில், செல்லுலோஸ் இழையை நடுவில் வெட்டும் எண்டோகுளுக்கனேஸ் நொதியின் மரபணுவை வைத்தேன். காங்கோ ரெட் சாயம் ஊற்றிய தட்டில் காலனியைச் சுற்றி வளையம் அழகாக வருகிறது, ஃபில்டர் பேப்பரோ கரையவே இல்லை. புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் நொதியின் பட்டையும் எதிர்பார்த்ததைவிட மேலே, கலங்கலாக இருக்கிறது. மரபணு கெட்டுவிட்டதா?

இல்லை, உங்கள் மரபணு நன்றாகத்தான் வேலை செய்கிறது. தட்டில் இருப்பது சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்), நீரில் கரைந்து விரிந்து கிடக்கும் இழை. சாயம் நீண்ட இழையில்தான் ஒட்டும். நொதி அதை நடுவில் துண்டு துண்டாக நறுக்க, உப்பு நீரில் அலசும்போது காலனியைச் சுற்றிச் சிவப்பு போய் மஞ்சளாக வெளுக்கிறது. ஃபில்டர் பேப்பரில் இழைகள் முறுக்கிய வாழைநார்க் கயிறு மாதிரி இறுகியிருக்கும். அங்கே நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகும் செல்லோபயோஹைட்ரோலேஸ் வேண்டும், அது விடும் இரட்டைச் சர்க்கரையை உடைக்க பீட்டா குளுக்கோசிடேஸும் வேண்டும். ஒற்றை ஆளால் ஆகிற வேலையில்லை.

கலங்கல் பட்டைக்குக் காரணம் பெரும்பாலும் ஈஸ்ட் நொதியின் மேல் ஏற்றிவிடும் மேனோஸ் சர்க்கரைச் சுமை. அந்தச் சர்க்கரையை வெட்டும் எண்டோ எச் நொதியைப் போட்டு ஜெல்லில் மறுபடி ஓட்டுங்கள். பட்டை கீழே இறங்கிக் கூர்மையானால் அதுதான். நொதி மரபணு இல்லாமல் வெறும் வெக்டரை (மரபணுவைச் சுமக்கும் டி.என்.ஏ.) மட்டும் ஏற்றிய காலனியையும் தட்டில் பக்கத்திலேயே வையுங்கள். அது இல்லாத வளையப் படத்தை நான் ஏற்பதில்லை.

கேள்வி (சுங்குடிச் சாயப்பட்டறை): துணியின் பிசிரை எடுக்க இது உதவுமா?

உதவும், அதற்கு எண்டோகுளுக்கனேஸே பொருத்தம். ஈஸ்ட்டைத் தொட்டியில் விடக்கூடாது. செல்களை முழுதாக நீக்கிய தெளிந்த நொதி நீர் மட்டும்தான். நேரம் கூடினால் நூலே இற்றுவிடும், ஒரு துண்டுத் துணியில் பார்க்காமல் சேலையில் இறங்காதீர்கள்.

கேள்வி (கல்லூரி ஆசிரியை): சித்திரை வெயிலில் எங்கள் ஆய்வக அறையில் நொதி விளைச்சல் படுத்துவிடுகிறது.

வளர்ப்புக் குடுவைகளை ஆட்டும் ஷேக்கருக்குள் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 28 டிகிரியில் நிறுத்துங்கள், 32-ஐத் தாண்டினால் பிச்சியாவில் புரத உற்பத்தி சரியும். பிச்சியாவை நொதி செய்யத் தூண்டும் மெத்தனால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை 0.5 சதவீதம் போதும். அது விஷம், தீப்பிடிக்கும், மாணவர்கள் கையில் தனியாகக் கொடுக்காதீர்கள். அப்புறம், மரபணு மாற்றிய உயிரிகளுக்கான இந்திய அரசின் 1989 விதிகளின்படி உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.