பனையிலிருந்து அண்ணன் விழுந்த பிறகு

பாடுகளுக்கு நோக்கம் உண்டா, கிறிஸ்தவ விசுவாசத்தால் அதைக் கண்டுகொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததை வைத்துத்தான் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

என் அண்ணன் பனையேறி. 2009 சித்திரையில் மரத்திலிருந்து விழுந்தார். தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்போது அவருக்கு 31 வயது.

பார்க்க வந்தவர்கள் ஜெபித்தார்கள். அப்புறம் சிலர் மெல்லக் கேட்டார்கள்: "குடும்பத்துல ஏதாவது சாபம், அறிக்கை செய்யாத பாவம் இருக்கா?" அம்மா உடைந்துபோனார்கள். எங்கள் போதகர் ஒருநாள் யோவான் 9ஆம் அதிகாரத்தை வாசித்தார். பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்கிறார் இயேசு. அன்றைக்குத்தான் அம்மா வயிறாரச் சாப்பிட்டார்கள்.

அந்த அதிகாரத்தில் அடுத்து நடப்பதை நான் பிறகுதான் கவனித்தேன். பகல் இருக்கும்போதே என்னை அனுப்பினவருடைய கிரியைகளைச் செய்யவேண்டும் என்று சொல்லி, இயேசு உடனே சேறுண்டாக்கி அந்தக் குருடனின் கண்களில் பூசுகிறார். ‘ஏன்’ என்ற கேள்வியிலேயே நின்றுகொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய திறப்பு.

படுக்கைப்புண் முற்றியபோது அண்ணனை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) பாகாயம் மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோனோம். அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸின் கதையை அங்கேதான் கேட்டேன். இளம் மருத்துவராக இருந்தபோது, 1954இல் ஒரு கார் விபத்தில் அவருக்கும் கால்கள் செயலிழந்தன. பெண்களுக்கான மருத்துவராக வேண்டும் என்ற ஆசை அத்தோடு போயிற்று. அங்கே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட் கொடுத்த ஊக்கத்தில், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவரும் அந்த நோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். பாகாயம் மையம் 1966இல் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் பட்டபாட்டின் பலனைத்தான் என் அண்ணன் அங்கே வாங்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் தெலுங்கு மட்டுமே தெரிந்த ஒருவர். கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக் காட்டுவார், விரலால் கடிகாரத்தைத் தட்டுவார். நாற்காலியில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் அப்படித் தூக்காவிட்டால் புண் வந்துவிடும். டாக்டர் சொன்னபோது அண்ணனுக்கு ஏறாதது அவர் செய்துகாட்டியதில் ஏறியது.

தேவனிடமிருந்து நாம் பெற்ற ஆறுதலாலே, உபத்திரவப்படுகிற மற்றவர்களை ஆறுதல்படுத்த முடியும் என்று அப்போஸ்தலன் பவுல் 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். எத்தனையோ முறை வாசித்த வசனம்தான். அந்த வார்டில்தான் எனக்குப் புரிந்தது.

அண்ணன் விழுந்தது இதற்காகத்தான் என்று நான் சொல்லமாட்டேன். யாரும் சொல்லவும் விடமாட்டேன். விழுந்ததைக் கர்த்தர் வீணாக விடவில்லை என்று மட்டும் சாட்சி சொல்வேன். கால்கள் வெட்டியிழுக்கிற இராத்திரிகளில் அண்ணன் இன்றும் அழுகிறார். பவுலும், முள் என்று அவர் சொல்கிற தன் வேதனையை எடுத்துப்போடும்படி மூன்றுதரம் கர்த்தரிடம் வேண்டினார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. அது போதுமா என்று அண்ணன் சில நாள் என்னிடமே கேட்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

இப்போது பக்கவாட்டுச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில், புதிதாக அடிபட்டவர்களின் வீடுகளுக்குப் போகிறார். போன மாதம் நானும் கூடப் போனேன். மாடியிலிருந்து விழுந்த ஒரு பையன், 19 வயது, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். யாரிடமும் பேசுவதில்லையாம். அண்ணன் வேதாகமத்தைத் திறக்கவில்லை. "தம்பி, மூத்திர டியூப் யார் மாத்துறாங்க? எனக்கு முதல்ல ரொம்ப வெட்கமா இருந்துச்சு" என்றார். பையன் மெல்லத் தலையைத் திருப்பி, "அம்மாதான்ணே" என்றான்.