பழைய போர்ஷே 911-இல் மெக்கானிக்கல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனைச் சரிசெய்ய முடியுமா, கார்புரேட்டருக்கு மாறிவிடலாமா?

மாற வேண்டாம். உங்கள் 1972 மாடல் 911 எஸ் ஐடிலில் நிற்பதில்லை, ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது, ஆயிலில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்த மெக்கானிக் பெட்ரோலை இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும் பம்ப் போய்விட்டது என்று முடிவு சொல்லிவிட்டார். நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுகளுமே பம்பைத் திறக்காமலே தீரக்கூடியவை. இந்த வண்டிகளில் பம்பின் மேல் பழி விழுந்த பெரும்பாலான சமயங்களில் குற்றவாளி பம்புக்கு வெளியில்தான் இருந்தது என்பது என் அனுபவம்.

முதலில் அந்தப் பம்ப் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் எளிதாகிவிடும். 1969 மாடலில் 911 இ, 911 எஸ் இரண்டிலும் வந்த பாஷ் பம்ப் இது. மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் ஆறு பிளஞ்சர்கள் (பெட்ரோலை அழுத்தித் தள்ளும் சிறு தண்டுகள்), சிலிண்டருக்கு ஒன்று. இடது கேம்ஷாஃப்டிலிருந்து ஒரு பல் பெல்ட் இதைச் சுழற்றுகிறது. உள்ளே ஒரு கேம் இருக்கிறது. அதன் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாகச் செதுக்கப்பட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது திரும்பும். இன்ஜின் வேகம் கூடினால், வேகத்தை உணரும் கவர்னர் அதை நீளவாக்கில் நகர்த்தும். அந்தப் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் முனை ரேக் என்ற கம்பியை நகர்த்த, ரேக் பிளஞ்சர்களைத் திருப்ப, பெட்ரோலின் அளவு மாறுகிறது. சுமார் 15 முதல் 18 பார் அழுத்தத்தில் இன்ஜெக்டர் திறக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பம்ப் காற்றை அளப்பதே இல்லை. த்ராட்டில் (காற்று நுழையும் வழியின் மூடி) இவ்வளவு திறந்திருக்கிறது, இன்ஜின் இத்தனை ஆர்பிஎம்மில் ஓடுகிறது, ஆகவே இவ்வளவு காற்று போயிருக்கும் என்று நம்பிப் பெட்ரோல் கொடுக்கிறது. அந்த நம்பிக்கை பொய்த்தால் காற்று-பெட்ரோல் கலவை கெடும். வால்வ் இடைவெளி தவறினாலும், கம்ப்ரஷன் சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபட்டாலும், த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து பக்கவாட்டில் காற்றை உறிஞ்சினாலும் பம்புக்கு அது தெரியாது. 2.2 லிட்டர் இன்ஜினின் பம்பை அப்படியே 2.7 லிட்டர் இன்ஜினில் மாட்டினால் சரியாக ஓடாததும் இதனால்தான்: அந்தக் கேம் குறிப்பிட்ட இன்ஜினுக்கென்று செதுக்கப்பட்டது. பம்பின் தகட்டில் உள்ள எண் உங்கள் 2.4 எஸ் இன்ஜினுக்கு உரியதுதானா என்று இன்றே பாருங்கள். ஐம்பது வருட வண்டியில் யாரோ எப்போதோ மாற்றியிருக்கலாம்.

போர்ஷே அந்தக் காலத்தில் மெக்கானிக்குகளுக்காக ‘செக், மெஷர், அட்ஜஸ்ட்’ என்று ஒரு சிறு கையேடு வெளியிட்டது. அதன் மறுபதிப்பு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதில் எண்களைவிட முக்கியமானது வரிசை. கம்ப்ரஷன், வால்வ் இடைவெளி (குளிர்ந்த இன்ஜினில் 0.1 மி.மீ.), ஸ்பார்க் பிளக், இக்னிஷன் டைமிங், பெட்ரோல் அழுத்தம், பம்ப் டைமிங், த்ராட்டிலும் லிங்கேஜும் (த்ராட்டிலையும் பம்பையும் இணைக்கும் கம்பிகள்), கடைசியில்தான் கலவை. நடுவில் ஒன்றைத் தாண்டினால் அடுத்தடுத்து வைக்கும் அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் முந்தைய தவறை மூடி மறைப்பதாகவே முடியும்.

இனி உங்கள் கோளாறுகள். ஆயிலில் பெட்ரோல் வாடை என்றதும் நான் முதலில் கை வைத்துப் பார்ப்பது பம்பின் பின்பக்கம் இருக்கும் வார்ம்-அப் தெர்மோஸ்டாட்டை. எக்ஸாஸ்டைச் சுற்றியிருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரிலிருந்து சூடான காற்று ஒரு ஹோஸ் வழியாக இதற்குள் வரவேண்டும். உள்ளே அடுக்கியிருக்கும் பைமெட்டல் தட்டுகள் சூட்டில் விரிந்து ஒரு தண்டைத் தள்ள, பெட்ரோல் குறைந்து கலவை மெலிகிறது. அந்த ஹோஸ் கிழிந்திருந்தால், அல்லது ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றிவிட்டு ரேஸ் எக்ஸாஸ்ட் போட்டிருந்தால், இன்ஜின் எவ்வளவு சூடானாலும் பம்ப் அதைக் குளிர்ந்த இன்ஜினாகவே நினைத்துப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும். அது சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் இறங்கும். நன்றாக ஓட்டிவிட்டு வந்து தெர்மோஸ்டாட் கூட்டைத் தொடுங்கள், சுடவேண்டும். சுடவில்லையென்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. சுட்டும் கலவை மெலியவில்லையென்றால் தட்டுகள் துருப்பிடித்திருக்கும். கழற்றி, ஹீட் கன்னால் சூடேற்றி, தண்டு நகர்கிறதா என்று மேசையிலேயே பார்த்துவிடலாம். கோல்ட் ஸ்டார்ட் சோலனாய்டு (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது கூடுதல் பெட்ரோல் விடும் மின் வால்வ்) கசிந்தாலும் இதே அறிகுறி வரும், அதையும் விடாதீர்கள்.

(ஆயிலில் பெட்ரோல் இறங்குவது மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷனின் பழைய நோய். 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்-இல் இக்னிஷனை அணைத்த பிறகும், இன்ஜின் சுற்றி நிற்கும்வரை பம்ப் பெட்ரோலைச் சிலிண்டருக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது.)

படபட வெடிப்புக்கு வேறு காரணம். ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டதும் த்ராட்டிலில் உள்ள மைக்ரோஸ்விட்ச், ஸ்பீடு ரிலே வழியாக, பம்பிலுள்ள ஷட்-ஆஃப் சோலனாய்டை இயக்கிப் பெட்ரோலை நிறுத்தவேண்டும். ஸ்விட்ச் நகர்ந்திருந்தாலோ ஒயர் விட்டிருந்தாலோ பெட்ரோல் நிற்காது, எரியாதது எக்ஸாஸ்டில் போய் வெடிக்கும். எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிவையும் பார்த்துவிடுங்கள்.

ஐடிலுக்கு லிங்கேஜ். இங்கேதான் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைச் செலவிடச் சொல்வேன், ஏனென்றால் இதைப் பொறுமையாகச் செய்பவர்கள் குறைவு. ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் உள்ள பால் ஜாயின்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் புதிது போடுங்கள், கிரீஸ் வைத்துச் சமாளிக்காதீர்கள். கம்பிகளின் நீளத்தைக் கண்மதிப்பில் வைக்க முடியாது, வெர்னியர் வேண்டும். பிறகு கோணமானி வைத்து, பம்ப் லீவர் இத்தனை டிகிரி திரும்பும்போது த்ராட்டில் இத்தனை டிகிரி திறக்கிறதா என்று பல நிலைகளில் ஒப்பிடுங்கள். த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் புதிய புஷ் போடாமல் மேலே போவதில் பயனில்லை. அதன் பிறகு ஏர்-ஃப்ளோ மீட்டரைக் காற்று நுழையும் ஆறு வாயிலும் வைத்து, பைபாஸ் ஸ்க்ரூக்களால் காற்றைச் சமன் செய்யுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் கலவை. பம்பின் அட்ஜஸ்ட்மென்ட்டை இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் திருப்பவேண்டும். க்ளிக் க்ளிக்காகத் திரும்பும். எத்தனை க்ளிக், எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள், திரும்பி வர வழி இருக்கும். பார்ட்-லோடை (ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்து ஓட்டும் நிலை) முதலில் வையுங்கள், அது ஐடிலையும் பாதிக்கும். எக்ஸாஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் கிடைத்தால் பொருத்துங்கள். முழு த்ராட்டிலில் அந்த விகிதம் 12.5-ஐ ஒட்டி நின்றால் நிம்மதி.

பம்ப் நிஜமாகவே கெட்டிருப்பதும் உண்டு. இத்தனையும் சரியாக இருந்தும் ஒரே சிலிண்டரின் பிளக் மட்டும் கரியாகவோ வெளுத்தோ வந்தால், முதலில் அந்த இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறு கூடவே போனால் இன்ஜெக்டர், போகாவிட்டால் பிளஞ்சர். பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் நடுவில் இருப்பது சில மைக்ரான் இடைவெளி, பெட்ரோலை உள்ளேயே வைத்து வண்டியை வருடக்கணக்கில் நிறுத்தினால் பிசின் பிடித்து இறுகிவிடும். அப்படி நின்ற வண்டியை ஸ்டார்ட்டர் போட்டுச் சுற்றவே சுற்றாதீர்கள், ரேக் வளையும். பம்பை ஓவர்ஹாலுக்குக் கொடுக்க நேர்ந்தால், கேலிபரேஷன் பெஞ்ச் வைத்திருக்கும் ஆளிடம் மட்டும் கொடுங்கள். இன்ஜினின் கேம்ஷாஃப்ட், கம்ப்ரஷன் விவரங்களையும் எழுதிக் கூடவே அனுப்புங்கள்.

பெல்ட்டில் விரிசல் இருந்தால் மாற்றி, பம்ப் டைமிங்கைக் குறிகளோடு சரிபார்த்துவிடுங்கள். பெட்ரோல் ஃபில்டரை மாற்றுவதை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். இப்போது எஞ்சினில் இருக்கும் பெட்ரோல் கலந்த ஆயிலை, தெர்மோஸ்டாட் சரியாகும்வரை காத்திருக்காமல், அடுத்த முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே வடித்துவிடுங்கள். பேரிங்குகள் அதைத் தாங்காது.