லூக்காவில் நான்கு இரவு: அறை போடும் முன் ஒரு மெயில்

கேள்வி: என் மகள் இத்தாலியின் பிசா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. அவளைப் பார்க்க நானும் கணவரும் 72 வயது மாமியாரும் போகிறோம். பிசாவில் தங்காமல், பக்கத்தில் உள்ள லூக்காவில் செப்டம்பர் 11 முதல் 15 வரை ஹோட்டல் பார்க்கிறோம். மதில் சுவருக்குள் பழைய ஹோட்டல்கள், வெளியே புதிய ஹோட்டல்கள் என்று இரண்டும் இருக்கின்றன. எது நல்லது? மாமியாருக்கு முழங்கால் வலி. மூவரும் சைவம். மகளும் ஓரிரு இரவு எங்கள் அறையிலேயே தங்குவாள். வேறு எதைக் கவனிக்க வேண்டும்? (திருச்சி வாசகி)

பதில்: மதிலுக்குள்ளேயே தங்குங்கள். வெளியே உள்ள ஹோட்டல்களில் லிஃப்ட், பார்க்கிங் எல்லாம் தாராளமாக இருக்கும். ஆனால் அவை கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் சரி. நீங்கள் ரயிலில் வந்து நடக்கப் போகிறவர்கள். பழைய ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக இருபது, இருபத்தைந்து நிமிடம் போதும். மாமியாருக்குக் கால் வலித்தால் அறைக்குத் திரும்பிப் படுத்துவிட்டு, மாலையில் மறுபடி இறங்கலாம். வெளியே தங்கினால் ஒவ்வொரு முறையும் போக்குவரத்து நெரிசலான சுற்றுச்சாலையைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும்.

அந்த மதில் சும்மா வேடிக்கைக்கு இல்லை. 4 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கட்டியது. எதிரியிடமிருந்து காத்ததாகப் பெரிதாக ஒன்றும் இல்லை. 1812இல் செர்கியோ ஆற்று வெள்ளம் வந்தபோது கதவுகளை அடைத்து ஊரைக் காப்பாற்றியதுதான் அதன் பெரிய சாதனை. இன்று மதிலின் மேல் மரநிழலில் அகலமான நடைபாதை ஓடுகிறது. சரிவுப் பாதையில் ஒருமுறை ஏறிவிட்டால் அப்புறம் முழுக்கச் சமதளம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இந்த ஊரில் இதைவிட நல்ல இடம் கிடையாது. குயினிஜி கோபுரத்தின் உச்சியில் ஓக் மரங்கள் நிற்கும். படிகள் இருநூறுக்கும் மேல் என்பதால் மாமியாருக்கு அதைக் கீழேயிருந்தே காட்டிவிடுங்கள்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். மதிலுக்குள் உள்ள ஹோட்டல்களில் பல, வீடாகவோ மாளிகையாகவோ இருந்து பிறகு ஹோட்டல் ஆனவை. முன்பதிவுத் தளத்தில் 'லிஃப்ட் உண்டு' என்று போட்டிருப்பார்கள். பொய்யில்லை. ஆனால் தெருவிலிருந்து எட்டுப் படி ஏறினால்தான் அந்த லிஃப்ட் வரும். அல்லது இரண்டாம் மாடியோடு லிஃப்ட் நின்றுவிடும், உங்கள் அறை மூன்றாவதில் இருக்கும். அதனால் 'லிஃப்ட் இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். 'தெருவிலிருந்து எங்கள் அறைக் கட்டில் வரை மொத்தம் எத்தனை படி' என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் மழுப்ப முடியாது.

இந்த மாதிரி சின்ன ஊர் ஹோட்டல்களில் பத்து, பதினைந்து அறைகள்தான் இருக்கும், பெரும்பாலும் ஒரு குடும்பமே நடத்தும். நட்சத்திரங்களைப் பார்த்து ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம். அவை வசதிகளை எண்ணிக் கொடுப்பவை. உபசரிப்பையோ சுத்தத்தையோ அவை அளப்பதில்லை. நேரடியாக ஒரு மெயில் போடுங்கள். எளிய ஆங்கிலம் போதும், மகள் இத்தாலியனில் எழுதினால் இன்னும் நல்லது. அதில் நாலு விஷயம் இருக்கட்டும்: படிக் கணக்கு, கட்டில் அமைப்பு, வந்து சேரும் நேரம், எத்தனை பேர் தங்குகிறீர்கள்.

கட்டிலைப் பற்றி ஏன் கேட்க வேண்டும் என்றால், அங்கே 'மாட்ரிமோனியாலே' என்றால் இருவருக்கான ஒரே பெரிய கட்டில். தனித்தனிக் கட்டில் வேண்டுமென்றால் 'லெத்தி சிங்கோலி' என்று சொல்ல வேண்டும். 'அல்லா ஃபிரான்செசே' என்று எங்காவது பார்த்தால் எச்சரிக்கை, அது இருவருக்கு நெருக்கமான குறுகிய கட்டில். மூவர் அறையில் மூன்றாவது கட்டில் பல சமயம் மடக்குக் கட்டில்தான். அதில் மாமியாரைப் படுக்க வைக்க முடியாது, நீங்கள்தான் படுப்பீர்கள். இதை முன்னாலேயே தெரிந்துகொண்டால் பரவாயில்லை, ராத்திரி பதினோரு மணிக்குத் தெரிந்தால் சண்டைதான்.

நேரத்தைச் சொல்வதும் அவ்வளவு முக்கியம். இந்த ஹோட்டல்கள் பலவற்றில் இரவு முழுக்க வரவேற்பு மேசையில் ஆள் இருக்க மாட்டார். ஒருமுறை வேறொரு சின்ன ஊரில் இரவு பத்தரைக்குப் போய் நின்றேன். கதவு பூட்டியிருந்தது, உள்ளே விளக்கு இல்லை, போன் அடித்துக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து உரிமையாளரின் தம்பி சாவியோடு சைக்கிளில் வந்தார். தவறு பாதி என்னுடையது, ரயில் தாமதமானதை நான் சொல்லவில்லை. பகலில் வெளியே போகும்போது சாவியை மேசையில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லும் வழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. அப்படியென்றால் இரவு வெளிக்கதவை எப்படித் திறப்பது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அடுத்து மகள் விஷயம். இதில் நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். 'எங்க பொண்ணுதானே, ஒரு ராத்திரி எங்களோட படுத்துக்கட்டும்' என்று சத்தமில்லாமல் அழைத்துப் போகக் கூடாது. இத்தாலியில் தங்கும் ஒவ்வொருவரின் விவரத்தையும் ஹோட்டல் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு இணையவழியில் அனுப்பியாக வேண்டும். பதிவில் இல்லாத ஆள் அறையில் இருந்தால் சிக்கல் உங்களுக்கு மட்டுமல்ல, அந்த ஹோட்டல்காரருக்கும். முன்பதிவிலேயே அவளையும் சேர்த்து, நால்வர் அறையாகவோ இரண்டு அறைகளாகவோ கேளுங்கள். அவளும் பாஸ்போர்ட் கொண்டுவரட்டும். உங்கள் பாஸ்போர்ட்டை மேசையில் வாங்கிக்கொண்டு 'கொஞ்ச நேரம் கழித்துத் தருகிறேன்' என்றால் பதற வேண்டாம், இந்தப் பதிவுக்காகத்தான். ஆனால் அன்றைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள்.

இதிலேயே இன்னொரு நுணுக்கம். நீங்கள் ஃபிராங்பர்ட் வழியாகவோ பாரிஸ் வழியாகவோ வந்தால் குடியேற்றச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். இத்தாலியில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அப்படி வருபவர்கள் எட்டு நாட்களுக்குள் தாங்கள் வந்திருப்பதை போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஹோட்டலில் தங்கினால் அந்தப் பதிவே இதற்கும் கணக்காகிவிடும். ஹோட்டலை விட்டு மகளின் அறையிலோ வீட்டிலோ தங்கினால் இடம் கொடுப்பவர் 48 மணி நேரத்துக்குள் தனியாகத் தகவல் கொடுக்க வேண்டும். ஆக, காகித வேலை என்று பார்த்தாலும் ஹோட்டல்தான் நிம்மதி.

கிளம்பும்போது பில்லில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று சில யூரோக்கள் கூடுதலாக நிற்கும். ஏமாற்று இல்லை. அது நகராட்சி வாங்கும் தங்கல் வரி, பெரும்பாலும் முன்பதிவுத் தொகையில் சேராது. ஹோட்டலின் தரத்துக்கு ஏற்ப மாறும். சில இடங்களில் ரொக்கமாகக் கேட்பார்கள், கையில் சில்லறை வைத்திருங்கள். நம் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் 'ஆன்' செய்துவிட்டீர்களா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

சரி, வந்து சேருவதைப் பார்ப்போம். பிசா விமான நிலையத்திலிருந்து பிசா மூவர் என்ற குட்டி ரயில் ஐந்தே நிமிடத்தில் பிசா சென்ட்ராலே நிலையத்தில் விடும். அங்கிருந்து லூக்காவுக்கு உள்ளூர் ரயிலில் சுமார் அரை மணி. காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், இல்லையென்றால் டிக்கெட் இருந்தும் அபராதம். 'ஷோப்பெரோ' என்ற சொல் காதில் விழுந்தால் அது வேலைநிறுத்தம். அப்போதும் வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் ஓடியே தீர வேண்டும். பயணத்தை அந்த நேரத்துக்குள் அமைத்துக்கொள்ளுங்கள்.

லூக்கா நிலையம் மதிலுக்கு வெளியே, தெற்கே இருக்கிறது. நிலையத்துக்கு எதிரே புல்வெளியில் ஒரு குறுக்குப் பாதை மதிலுக்குள் நுழைவதைக் காண்பீர்கள், எல்லாரும் அதில்தான் போவார்கள். பெட்டியோடும் மாமியாரோடும் அதில் போகாதீர்கள், உள்ளே படிகள் இருக்கின்றன. சற்று இடப்பக்கம் சுற்றிப் போனால் போர்டா சான் பியெட்ரோ என்ற வாசல் வரும், அது சமதளம். தெருக்களில் கல் பாவியிருப்பதால் பெட்டியின் சக்கரங்கள் தடதடக்கும். ஹோட்டல் தூரம் என்றால் டாக்சி எடுப்பதே நல்லது. கார் வாடகைக்கு எடுக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். மதிலுக்குள் அனுமதியில்லாத வண்டிகள் நுழையக் கூடாது, கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அபராதச் சீட்டு பல மாதம் கழித்துத் திருச்சிக்கு வரும்.

குளியலறையில் மூன்று விஷயம். குழாயில் 'சி' என்று போட்டிருந்தால் பச்சைத் தண்ணீர் என்று நினைத்துத் திருப்பிவிடாதீர்கள். 'கால்தா' என்றால் சூடு, 'சி' அதன் முதல் எழுத்து. குளிர்ந்த நீருக்கு 'எஃப்'. ஷவர் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும். விளக்குக்கோ விசிறிக்கோ அல்ல, வழுக்கி விழுந்தால் உதவிக்கு அழைக்கும் மணி அது. மாமியாருக்கு அதைக் காட்டிக் கொடுங்கள், மற்ற யாரும் தொட வேண்டாம். கழிப்பறையில் பீச்சுக் குழாய் இருக்காது, பதிலாகப் பக்கத்திலேயே குட்டித் தொட்டி போல 'பிதே' இருக்கும். தண்ணீர் இல்லாமல் தவிக்கும் மற்ற ஐரோப்பிய ஊர்களை ஒப்பிட்டால் நமக்கு இத்தாலி சொர்க்கம். மின்சாரம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட். போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு முள் பிளக் பொதுவாக நேராகவே நுழையும், நம் மூன்று முள் பிளக் நுழையாது.

அறையில் கெட்டில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் இருக்கும் வழக்கம் அங்கே இல்லை. மாமியாருக்குக் காலையில் வெந்நீர் வேண்டுமென்றால் ஒரு சின்னப் பயணக் கெட்டில் கொண்டுபோகலாமா என்று மெயிலிலேயே கேட்டுவிடுங்கள். மகளுக்காக மூட்டை கட்டும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: பால் பொருட்களையும் இறைச்சியையும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை உண்டு. நெய், பால்கோவா வேண்டாம். பருப்புப் பொடியும் ஊறுகாயும் போதும்.

ஹோட்டல் காலை உணவு இனிப்பாக இருக்கும்: கார்னெத்தோ ரொட்டி, ஜாம், காபி. வெளியே சாப்பிடப் போனால் 'வெஜிடேரியானோ' என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள், சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம். 'நியென்தே கார்னே, நியென்தே பெஷ்ஷே, நியென்தே ப்ரோதோ தி கார்னே' என்று எழுதிவைத்துக் காட்டுங்கள்: இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் 'தோர்தெல்லி' பார்க்கக் கொழுக்கட்டை மாதிரி அழகாக இருக்கும், உள்ளே இறைச்சி. ஃபார்ரோ கோதுமை சூப் நல்ல சாப்பாடு, ஆனால் பன்றி இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டே வாங்குங்கள். பார்மெசான் சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியில்தான் உறையும். மாமியார் அதையும் பார்ப்பவர் என்றால் பாஸ்தாவில் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடக்கூடியது 'செசினா': கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். துண்டு போட்டு பீட்சா விற்கும் கடைகளில் சுடச்சுடக் கிடைக்கும், மேலே மிளகுத் தூள் தூவிக்கொண்டால் நம் ஊர்ப் பலகாரம்தான். அங்கே ரொட்டியில் உப்பே இருக்காது, கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். லூக்கா இருக்கும் தொஸ்கானா மாநிலத்து ரொட்டி அப்படித்தான். மதியம் இரண்டரைக்கு மேல் பல உணவகங்களின் அடுப்பு அணைந்துவிடும், பிறகு ஏழு, ஏழரைக்குத்தான். மாமியாருக்கு நடுவில் பசித்தால் என்று கையில் ஏதாவது வைத்திருங்கள்.

கடைசியாக உங்கள் தேதிகள். செப்டம்பர் 13 அன்று இரவு லூக்காவில் லுமினாரா என்ற விளக்குத் திருவிழா. ஊர் வீடுகளின் முகப்புகளில் வரிசை வரிசையாக மெழுகுவர்த்தி விளக்குகள், சான் ஃபிரெதியானோ தேவாலயத்திலிருந்து சான் மார்தினோ பேராலயம் வரை ஊர்வலம். கார்த்திகை தீபம் பார்த்த கண்ணுக்கு நிச்சயம் பிடிக்கும். ஆனால் அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், விலையும் ஏறும். ரத்து செய்தால் பணம் திரும்பும்படியான அறையை இப்போதே பிடித்துவையுங்கள். அன்றைக்குக் கூட்டம் ஓயும் வரை தூக்கம் வராது, ஆகவே தெருப்பக்கம் வேண்டாம், உள்முற்றத்தைப் பார்த்த அறை வேண்டும் என்று அந்த மெயிலில் ஒரு வரி சேருங்கள். செப்டம்பரில் கொசுவும் உண்டு, எல்லா ஜன்னலுக்கும் வலை இருக்காது. ஏசி இருந்தால் ஜன்னலை மூடிக்கொள்ளலாம், அதையும் கேளுங்கள்.

15ஆம் தேதி காலை அறையைக் காலி செய்த பிறகு பெட்டிகளை ஹோட்டலிலேயே வைத்துவிட்டு, மதிலின் மேல் ஒரு கடைசிச் சுற்று போகலாம், பொதுவாக இதற்குக் காசு கேட்பதில்லை. இடையில் ஒரு நாள் பிசா சாய்ந்த கோபுரத்தைப் பார்க்கப் போனால் சென்ட்ராலே வரை போக வேண்டாம். அதற்கு முன்னால் பிசா சான் ரொஸ்ஸோரே நிலையத்தில் இறங்குங்கள், அங்கிருந்து கோபுரம் பக்கம். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, மகளை நேரம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.