சின்ன வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எந்த மாதிரி நாற்காலி வாங்கலாம்?

கூடமும் சாப்பிடும் இடமும் ஒன்றாக இருக்கிற சின்ன வீடு, நாலு பேர் உட்காரும் மேசை ஏற்கெனவே வந்துவிட்டது, நாற்காலிதான் பாக்கி, பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும், இடத்தையும் அடைக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நிலையில் ஒரு தடவை தப்பாக வாங்கி, மூன்று வருடம் அதோடு வாழ்ந்து, பிறகு மாற்றியவள் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உடனே கடைக்குக் கிளம்புகிறவர்களுக்கு முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கை இல்லாத நாற்காலியாக இருக்கட்டும். ஒரு கையால் தூக்க முடிய வேண்டும். மேசைக்கு அடியில் முழுசாக உள்ளே போக வேண்டும். முதுகு மேசையைவிட ரொம்ப உயர்ந்து நிற்கக் கூடாது. இந்த நாலும் சரியாக இருந்தால் மரமா, இரும்பா, பிளாஸ்டிக்கா, என்ன நிறம் என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய வீட்டில் சாப்பாட்டு நாற்காலி போட்ட இடத்திலேயே கிடக்கும். சின்ன வீட்டில் அது நாள் முழுக்க இடம் மாறிக்கொண்டே இருக்கும். காலையில் ஒன்று மடிக்கணினியோடு ஜன்னலோரம் போகும். சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளை ஒன்றை இழுத்துக்கொள்ளும். யாராவது வந்தால் இரண்டு சோபாவுக்கு எதிரே போய் நிற்கும். தரை துடைக்கிற நேரத்தில் நாலையும் தூக்க வேண்டும். ராத்திரி எல்லாம் திரும்ப மேசைக்கு வர வேண்டும். இப்போதெல்லாம் ஒரு நாற்காலியைப் பார்த்தால், இது எப்படி நகரும் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

நாங்கள் முதலில் வாங்கியவை கை வைத்த, தடி மெத்தை போட்ட, முதுகு உயர்ந்த நாற்காலிகள். கடையின் பரந்த தளத்தில் அடக்கமாகத் தெரிந்தன. வீட்டுக்கு வந்த அன்றைக்கு மேசைக்குள் தள்ளினால் பாதியில் டக்கென்று நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். மேசைப் பலகைக்குக் கீழே சுற்றிலும் ஒரு சட்டம் ஓடும் இல்லையா, அதில் நாற்காலியின் கை இடித்துக்கொண்டிருந்தது. கால் அங்குலம்தான் வித்தியாசம். அந்தக் கால் அங்குலத்தால் நாலு நாற்காலியும் மூன்று வருடம் வெளியே நீட்டிக்கொண்டே நின்றன. பால்கனிக்குப் போகிறவர்கள் உடம்பை ஒருக்களித்துத்தான் போக வேண்டியிருந்தது. கைகளின் முன்முனையில் பாலிஷ் தேய்ந்து உள்மரம் வெளுப்பாகத் தெரிய ஆரம்பித்தது. மேசைச் சட்டத்திலும் அதே உயரத்தில் ஒரு கீறல் கோடு. கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள்தான் அளவெடுக்காமல் போனோம்.

அதனால் அளவிலிருந்தே தொடங்குங்கள். பெரும்பாலான சாப்பாட்டு மேசைகள் தரையிலிருந்து 29 அல்லது 30 அங்குல உயரம் இருக்கும். நாற்காலியின் இருக்கை 17 முதல் 19 அங்குலம், அதாவது 43 முதல் 48 சென்டிமீட்டர் வரை. இருக்கைக்கும் மேசையின் மேல்பரப்புக்கும் நடுவே 10 முதல் 12 அங்குலம் இருந்தால் கை மேசைமேல் இயல்பாக விழும், தோள் தூக்கிக்கொள்ளாது. ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சட்டத்தின் அடி விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தொடை நுழைவது அந்த இடைவெளியில்தான். இருக்கைக்கு மேல் அங்கே 7 அங்குலமாவது வேண்டும். மெத்தை வைத்த நாற்காலியாக இருந்தால் ஆள் உட்கார்ந்த பிறகு மெத்தை அமுங்கும். அமுங்கிய பிறகு உள்ள உயரம்தான் உண்மையான உயரம்.

அடுத்தது அகலம். ஒரு ஆளுக்கு மேசையில் 24 அங்குலம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கில் நாலடி மேசையின் ஒரு பக்கத்தில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். ஆனால் மேசைக்கால்கள் நாலு மூலையிலும் இருந்தால், கால்களுக்கு நடுவே கிடைப்பது 42 அங்குலம் அளவுக்குத்தான் இருக்கும். நாற்காலி 18 அங்குல அகலம் என்றால் இரண்டு போட்டும் 6 அங்குலம் மிச்சம். அதே நாற்காலி 21 அங்குலம் என்றால் இரண்டும் ஒட்டி இறுகிக்கொள்ளும், ஒருவர் எழுந்தால் பக்கத்தில் இருப்பவர் நாற்காலியும் சேர்ந்து நகரும். இருக்கையை மட்டும் அளக்காதீர்கள். சில நாற்காலிகளில் பின்கால்கள் வெளிப்பக்கம் விரிந்து நிற்கும். எந்த இடம் அதிக அகலமோ அதுதான் கணக்கு.

அப்புறம், கடைக்குப் போவதற்கு முந்தின நாள் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய செய்தித்தாளை நாற்காலி அளவுக்கு வெட்டித் தரையில் ஒட்டுங்கள். முதலில் மேசைக்குள் தள்ளிய நிலையில், பிறகு ஆள் உட்கார்ந்திருக்கும் நிலையில், கடைசியாக எழுந்திருக்க இழுத்த நிலையில். எழுந்திருக்க மட்டும் மேசை விளிம்பிலிருந்து பின்சுவர் வரை 30 அங்குலமாவது வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் இன்னொருவர் நடந்து போக வேண்டும் என்றால் 36-க்குக் குறையக் கூடாது, அதுவும் நெருக்கம்தான். 44 இருந்தால் சிரமமே இல்லை. காகிதத்தை ஒட்டிவைத்துவிட்டு ஒருநாள் வீட்டில் நடமாடிப் பாருங்கள். எந்தப் பக்கத்துக் காகிதத்தை எல்லோரும் மிதிக்கிறார்களோ அந்தப் பக்கத்தில்தான் சிக்கல். எங்கள் வீட்டில் பால்கனிப் பக்கத்துத் தாள் மத்தியானத்துக்குள் கிழிந்துபோனது.

அப்படிச் சிக்கலாகிற பக்கத்துக்குப் பெஞ்சு நல்ல வழி. முதுகு இல்லாததால் முழுசாக உள்ளே போய்விடும், மேல் பரப்பில் தெரியவே தெரியாது. பிள்ளைகள் இருவர் உட்காரும் இடத்தில் மூவர் உட்காருவார்கள். ஆனால் இரண்டு பக்கமும் பெஞ்சு போடாதீர்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்க முதுகுக்குச் சாய்வு வேண்டும். சின்ன வீட்டில் நல்ல பேச்செல்லாம் அந்த மேசையில்தான் நடக்கிறது, அதை இழக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

எடையைப் பற்றி. 4 முதல் 6 கிலோ வரை இருந்தால் பிள்ளைகளும் நகர்த்தலாம், வயதானவர்களும் இழுக்கலாம். லேசான நாற்காலி சீக்கிரம் உடையும் என்ற பயம் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. இத்தாலியில் ஜியோ போன்டி வடிவமைத்த சூப்பர்லெஜெரா என்ற மர நாற்காலி 1957-லிருந்து தயாரிக்கப்படுகிறது. அதன் எடை 1.7 கிலோதான். வலிமை இணைப்பில் இருக்கிறது, எடையில் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ரொம்ப லேசான நாற்காலியின் முதுகில் கனமான பையை மாட்டினால், ஆள் எழுந்ததும் பின்பக்கம் சாய்ந்துவிடும். பை மாட்டுகிற வழக்கம் வீட்டில் இருந்தால் சுவரில் ஒரு கொக்கி அடித்துவிடுங்கள்.

இடம் அடைக்காமல் தெரிவது என்பது அளவோடு முடிகிற விஷயம் இல்லை, கண் எவ்வளவு தூரம் ஊடுருவிப் போகிறது என்பதும் சேர்ந்தது. கால்கள் மெலிந்து, முதுகில் இடைவெளி விட்டு, தரை தெரிகிற மாதிரி இருந்தால் நாலு நாற்காலி போட்ட பிறகும் கூடம் காலியாகவே தெரியும். மைக்கேல் தோனெட் என்ற மரச்சாமான் தயாரிப்பாளர் 1859-ல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலியின் படத்தைத் தேடிப் பாருங்கள். நீராவியில் வளைத்த பீச் (beech) மரக் கம்பிகள், பிரம்பு பின்னிய இருக்கை, மொத்தமே ஆறு துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு. பிரித்துப் போட்டால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும். அவ்வளவு குறைவான பொருளில் செய்ததாலேயே இன்றைக்கும் எந்தப் புது வீட்டிலும் அது பாரமாகத் தெரிவதில்லை. உங்கள் சின்னக் கூடத்துக்கு அந்த வகை வளைவு மர நாற்காலி பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த, கண்ணாடி மாதிரித் தெரிகிற நாற்காலிகளும் இருக்கின்றன. இடம் அடைக்காத தோற்றம் என்றால் அவற்றை மிஞ்ச முடியாது. ஆனால் கீறல் விழும், விழுந்தது போகாது. தூசி இருக்கும்போது உலர்ந்த துணியால் துடைத்தாலே மெல்லிய கோடுகள் விழுந்துவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சரி, கடையில் என்ன செய்ய வேண்டும்? உட்காருங்கள். ஒரு நிமிடம் இல்லை, இருபது நிமிடம். விற்பனையாளர் பார்த்தால் பார்க்கட்டும். பத்து வருடம் உட்காரப் போகிறவர் நீங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிய வேண்டும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் அந்த இருக்கை உங்களுக்கு ஆழம் அதிகம். முன்விளிம்பு வளைந்து இறங்க வேண்டும், கூராக இருந்தால் பத்தாவது நிமிடத்தில் தொடை மரத்துப்போகும். முதுகுக் குறுக்குச் சட்டம் தோள்பட்டை எலும்பில் வந்து முட்டுகிறதா என்று பாருங்கள், தாழ்ந்த முதுகு வைத்த நாற்காலிகளில் இது அடிக்கடி நடக்கும். வீட்டில் உயரமானவர், குட்டையானவர் இருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். லேசாகக் குழித்த மர இருக்கை மோசமான மெத்தையைவிட எவ்வளவோ மேல். இதை உட்கார்ந்து பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

பிறகு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு நாற்காலியின் ஆயுள் அங்கேதான் எழுதியிருக்கிறது. பின்காலும் பக்கவாட்டுச் சட்டமும் சேர்கிற இடம்தான் முதலில் ஆட ஆரம்பிக்கும், ஏனென்றால் நாம் பின்னால் சாயும் ஒவ்வொரு தடவையும் பாரமெல்லாம் அந்த மூட்டில் விழுகிறது. ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி இன்னொன்றின் துளைக்குள் இறக்கிப் பசை வைத்த மூட்டு நல்லது. போல்ட் போட்டு முறுக்கியதும் மோசமில்லை, ஆடினால் திரும்ப முறுக்கிக்கொள்ளலாம். வாங்கி ஒரு மாதம் கழித்து ஒருமுறை முறுக்கிவிடுங்கள். இருக்கையின் அடியில் நாலு மூலையிலும் முக்கோணக் கட்டைகள் இருக்க வேண்டும், அவை ஸ்க்ரூவில் நிற்க வேண்டும். வெறும் ஸ்டேப்பிளர் பின்னில் நின்றால் வேண்டாம். நிமிர்த்திவைத்து, முதுகைப் பிடித்து மூலைக்கு மூலை அழுத்தி ஆட்டுங்கள். புது நாற்காலியே முனகினால் ஒரு வருடத்தில் கத்தும்.

பொருள் விஷயத்தில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. ரப்பர் மரம் என்றால் பலர் முகம் சுளிக்கிறார்கள். பால் வற்றிய தோட்ட மரத்தை அறுத்து, சூளையில் உலர்த்தி, பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தேற்றிச் செய்தால் அது வீட்டுக்குள் நன்றாகவே உழைக்கும். பிரம்பு இருக்கை காற்றோட்டம், லேசு, அழகு. ஆனால் அதன்மேல் முழங்காலை ஊன்றி ஏறக் கூடாது, ஓட்டை விழுந்துவிடும். கொஞ்சம் தொய்ந்துபோனால் அடிப்பக்கம் ஈரத்துணி வைத்து ஊறவிட்டுக் காயவையுங்கள், காயும்போது இறுகிக்கொள்ளும். மெத்தைதான் வேண்டும் என்றால் கழற்றித் துவைக்கிற துணி உறையாகப் பாருங்கள். மெல்லிய செயற்கைத் தோல் சில வருடத்தில் உரிந்து செதில் செதிலாக உடுப்பில் ஒட்டும். எங்கள் பழைய நாற்காலிகளில் அதைத் தினமும் பார்த்தேன்.

எத்தனை வாங்குவது? தினமும் உட்காருகிற ஆட்களின் எண்ணிக்கை போதும். வருகிறவர்களுக்கு இரண்டு மடக்கு நாற்காலி வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவையுங்கள். நாலும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எங்கள் மேசையில் மூன்று கை இல்லாதவை, ஒன்று மட்டும் கை வைத்தது. அது அம்மாவுக்கு. முழங்கால் வலி இருப்பவர்கள் எழுந்திருக்கக் கையை ஊன்ற ஓரிடம் வேண்டும். இந்தத் தடவை சட்டத்தின் உயரத்தை எழுதிக்கொண்டு போய், கையின் உயரம் அதைவிட ஒரு அங்குலம் தாழ்வாக இருப்பதைப் பார்த்துத்தான் வாங்கினேன். முழுசாக உள்ளே போகிறது.

கடைசியாக, கால்களுக்கு அடியில் ஒட்டுகிற கம்பளித் துண்டு. நாற்காலி வாங்குகிற அன்றே வாங்கிவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் காலடியை நன்றாகத் துடைத்து, ஒரு ராத்திரி நாற்காலியைக் கவிழ்த்தே வைத்துவிடுங்கள், பசை பிடிக்கட்டும். சில மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, மணல் ஏறியிருந்தால் மாற்றிவிடுங்கள். அந்த மணல்தான் தரையைக் கீறும். எங்கள் வீட்டில் அம்மா அதிகாலையில் நாற்காலியை இழுத்து உட்காருகிறார்; பத்தடி தள்ளிப் படுத்திருக்கும் பிள்ளை இப்போதெல்லாம் விழிப்பதில்லை.